நான்கு விரல் மடிப்பு

எங்கள் தெருவில் டெய்லர் என்றால் ஒருவர்தான். கடைக்கு முன்பு ஒரு போர்டு இருந்தது. காற்றில் விழுந்தது, அவர் திரும்ப மாட்டவில்லை. எல்லாருக்கும் அவர் மாஸ்டர். என் வெல்டிங் பட்டறைக்கும் அவர் கடைக்கும் ஒரே சுவர். நான் கிரைண்டர் போட்டால் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவார். அவர் மெஷின் சத்தம் மெல்லிசுதான், அதனால் பதிலுக்குத் தட்ட எனக்கு ஒருநாளும் வழி கிடைத்ததில்லை.

கடை என்பது எட்டுக்குப் பத்து அறை. ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், வெட்டுகிற மேஜை, மூலை உடைந்த கண்ணாடி. பின்னால் தட்டி வைத்து மறைத்த இடத்தில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. ஒரே தட்டு. எட்டு வருஷமாக அவர் தனி ஆள்.

பேச்சு குறைவு. ஆனால் வாயைத் திறந்தால் ஆளை விடமாட்டார். ஒருமுறை எனக்கு இடுப்பளவு எடுத்துவிட்டு டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாஸ்டர், கூடிடுச்சா?"

"உனக்குக் கூடலப்பா. டேப்புதான் சுருங்கிடுச்சு. புதுசு வாங்கணும்."

பள்ளிக்கூடம் திறக்கிற மாதம்தான் அவருக்கு வேலை மாதம். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் யூனிபாரம் அவர் கையால்தான். அளவு கொடுக்க வருகிற அம்மாக்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே வார்த்தை சொல்வார்கள்: "மாஸ்டர், கொஞ்சம் விட்டுத் தைங்க." பிள்ளை வளரும், துணி வளராது. அதனால் கால்சட்டையின் அடியில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பார். சட்டைக் கையில் இரண்டு விரல். அடுத்த வருஷம் தையலைப் பிரித்து இறக்கிவிட்டால் போதும், இன்னொரு வருஷம் ஓடும். பெரிய ஆளுக்கு இப்படி யாரும் தைப்பதில்லை. வளர்ந்து முடிந்தவனுக்கு எதற்கு?

முப்பது வருஷம் இதையே செய்த கை. யோசித்துச் செய்வதில்லை, தானாகவே மடிக்கும்.

மேட்டுக்காரர்கள் வந்து ஒன்பது பத்து வருஷம் இருக்கும். துப்பாக்கிகளோடு வந்து கல்குவாரி மேட்டில் கூடாரம் போட்டதால் அந்தப் பெயர். அவர்கள் அரசாங்கம் கிடையாது, போலீஸ் கிடையாது. ஆனால் ஊரில் மூன்று வருஷம் அவர்கள் சொன்னதுதான் சட்டம். வந்த புதிதில் வெளியிலிருந்து வந்த நிவாரணக்காரர்கள் முன்னால் ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்கள். பொதுமக்கள் மேல் கை வைக்கமாட்டோம், ஆஸ்பத்திரிக்குள் ஆயுதத்தோடு நுழையமாட்டோம், பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கமாட்டோம். அதைப் பெரிதாக அச்சடித்து என் பட்டறைச் சுவரிலேயே ஒட்டினார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நல்ல விஷயமாகத்தான் இருந்தது.

அவர்களுக்குத் தலைவர் ஒருவர். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்காரர் என்போம், அவர் காது கேட்காத தூரத்தில். ஒருநாள் காலையில் மாஸ்டர் கடைக்கு வந்து நாற்பத்து மூன்று பேருக்கு ஆளுக்கு இரண்டு செட் உடுப்பு வேண்டும் என்றார். துப்பாக்கி தோளில்தான் தொங்கியது. நீட்டவில்லை. நீட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அளவு கொடுக்க வரிசையாக வந்தார்கள். நான் கதவுக்கு பெயின்ட் அடிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மீசை வைத்த ஆட்கள். கடைசியில் ஒன்பது பேர் வந்தார்கள். மீசையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதில் ஒருவன் எதிர் டீக்கடை அம்மாவின் சின்ன மகன். இரண்டு வாரமாக அவனைக் காணவில்லை என்று அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். டீக்கடை அடுப்புக்கு எதிரே, இருபதடி தூரத்தில், அளவு கொடுக்க நிற்கிறான். அந்த அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார். "விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்று உதறிவிட்டான். கூட வந்த துப்பாக்கிக்காரன் ஒருவன் அம்மாவைத் தள்ளவில்லை, திட்டவில்லை. "போங்கம்மா, டீ பொங்குது பாருங்க," என்றான். அவ்வளவுதான். நானும் கதவுக்கு இரண்டாவது கோட்டிங் அடித்தேன்.

பத்து நாளில் உடுப்பு தயார். கண்ணாடிக்காரர் பார்க்க வந்தார். அன்றைக்குக் கடையில் என்ன நடந்தது என்பது ரொம்ப நாளைக்கு மூன்று பேருக்குத்தான் தெரியும். கண்ணாடிக்காரர், மாஸ்டர், தட்டிக்குப் பின்னால் நின்ற மாஸ்டரின் மனைவி.

அன்று சாயங்காலமே மாஸ்டரின் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினார். பஸ் நிற்கிற இடம் வரை நான்தான் பெட்டியைத் தூக்கிப் போனேன். என்ன சண்டை என்று கேட்டேன். "தைக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு தம்பி," என்றார். எனக்குப் புரியவில்லை. திரும்பி வரவே இல்லை. முதல் வருஷம் மாஸ்டர் போன் போட்டார், அந்தப் பக்கம் எடுத்து, இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார்களாம். பிறகு அதுவும் நின்றது.

நான்கு மாதம் கழித்து ஆற்றுப் பாலத்தில் ராணுவத்தோடு சண்டை. ஒன்பது பேரையும் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவனும் திரும்பவில்லை. ஆறு பெருகி ஓடிய நேரம், உடம்புகூடக் கிடைக்கவில்லை.

ஊரில் மாஸ்டரை யாரும் குறை சொன்னதில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். பாவம், மிரட்டித் தைக்கவைத்தார்கள், பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயிட்டா என்றுதான் எல்லாரும் பேசினார்கள். டீக்கடை அம்மா தினமும் காலையும் மாலையும் ஒரு டம்ளர் டீயை ஒரு மூடி போட்டு அனுப்புவார். "என் பையனுக்குக் கடைசியாத் துணி தச்ச கை," என்பார். மாஸ்டர் அந்த டீயைக் குடிப்பதை நான் பார்த்ததில்லை. டம்ளர் காலியாகத்தான் திரும்பும். எங்கே ஊற்றினார் என்று எனக்குத் தெரியாது.

மேட்டுக்காரர்கள் கலைந்து ஆறு வருஷம் கழித்து வழக்கு வந்தது. தலைநகரத்தில் கண்ணாடிக்காரரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒருநாள் ஒரு வக்கீல் பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு கால்சட்டை. குவாரியில் ஒரு தகரப் பெட்டியில் மாற்று உடுப்புகள் அப்படியே கிடைத்தனவாம்.

"இது நீங்க தச்சதா ஐயா?"

மாஸ்டர் உறைக்கு மேலேயே அடியைப் பிடித்துப் புரட்டினார். பழக்கம். பிறகு சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"ஆமாம்மா. என் தையல்தான்."

"அடியில என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. என் பட்டறை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான்தான் வாயை அடக்காமல் கேட்டேன். "ஏம்மா, அவங்க என்ன கவர்மென்டா? காட்டுக் கூட்டம். அவங்களைப் போய் எந்தச் சட்டத்துல பிடிப்பீங்க?"

"கவர்மென்டா இருக்கணும்னு இல்லைங்க. ஆயுதம் தூக்கி, ஒரு தலைமைக்குக் கீழ சண்டை போடற எந்தக் கூட்டத்துக்கும் சண்டைக்குன்னு இருக்கற சட்டம் பொருந்தும். பதினஞ்சு வயசு ஆகாத பையனைச் சேர்த்தா குத்தம். பையன் தானா ஆசைப்பட்டு வந்தான்னு சொன்னாலும் குத்தம்தான்."

"அப்புறம் என்ன? உள்ள தள்ள வேண்டியதுதானே?"

"வயசு எனக்குத் தெரியாதுன்னு சொல்றார். பதினெட்டுன்னு சொல்லித்தான் வந்து சேர்ந்தாங்களாம். பிறப்புப் பதிவு ஆபீஸ் எரிஞ்சு போச்சு. பசங்களும் இல்ல. அம்மாக்கள் சொல்றதை, பாசத்துல சொல்றாங்கன்னு தள்ளிடறாங்க. அவருக்குத் தெரிஞ்சுதான் செஞ்சார்னு காட்டணும். அதுக்குத்தான் அலையறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் என் பட்டறைக்கு வந்தார். வந்தால் நிற்பார், உட்கார மாட்டார், சட்டையில் கரி ஒட்டும் என்று. அன்று எண்ணெய் டப்பா மேலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

"வெல்டரே, அந்த ஒன்பது பேருக்கும் நாலு விரல் விட்டுத் தச்சேன்."

"சரி."

"என்ன சரி? யாரும் சொல்லல. நானா விட்டேன். மீதி முப்பத்து நாலு பேருக்கு விடல. இவங்களுக்கு மட்டும் கை தானா மடிச்சுது. பசங்கன்னு என் கைக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் கையிலிருந்த வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தேன்.

"அந்த ஆள் உடுப்பைப் பார்க்க வந்தான் இல்ல, அன்னிக்கு ஒரு காலைப் புரட்டிப் பாத்தான். 'ஏன் மாஸ்டர் இவ்வளவு துணி உள்ள?'ன்னான். நான்..." மாஸ்டர் தன் சட்டைக் கையின் ஓரத்தைப் புரட்டினார். "நான் சொன்னேன், 'வளர்ற பசங்க, விட்டுத் தச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆகும்'னு. கடைக்கு வர்ற அம்மாகிட்ட சொல்ற மாதிரியே சொன்னேன். அவன் சிரிச்சான். 'கெட்டிக்காரர்யா, துணி மிச்சம்'னு முதுகுல தட்டிட்டுப் போனான். உள்ள இருந்து அவ கேட்டுட்டா."

அவருடைய மனைவி எதற்குப் போனார் என்று எட்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் சொன்ன யோசனையை மறைக்க விரும்பவில்லை. "மாஸ்டர், இதுல என்ன இருக்கு? விட்டுத் தைங்கன்னு அவன்தான் சொன்னான்னு சொல்லுங்க. அவனுக்கு வயசு தெரியும்னு ஆகிடும். வழக்கு முடிஞ்சுது. உங்க மேலயும் ஒண்ணும் வராது. அந்தக் கடையில இருந்தது நீங்க ரெண்டு பேர்தான். யார் வந்து பாத்தா?"

"அவ பாத்தா."

"அவங்க வந்து சாட்சி சொல்லவா போறாங்க?"

"நீ இரும்பை ஒட்டற ஆளு. உடைஞ்ச இடத்துல எதை வெச்சு வேணா ஒட்டிடுவ," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். சட்டையின் பின்புறம் முழுக்க கரி.

விஷயம் இதுதான். அவன் சொன்னான் என்று மாற்றிச் சொன்னால் மாஸ்டர் முன்போலவே இருக்கலாம், பாவப்பட்ட ஆளாக. நடந்தபடி சொன்னால் கண்ணாடிக்காரரும் மாட்டுவார், அதோடு பசங்கள் என்று தெரிந்தேதான் தைத்தேன் என்று ஊர் அறியச் சொன்னதாகவும் ஆகிவிடும். டீக்கடையும் கேட்கும். ஒரு தட்டு வைத்திருக்கிற மனிதனுக்கு தினமும் இரண்டு வேளை யாரோ டீ அனுப்புகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை, குடிக்காவிட்டாலும்.

சாட்சி சொல்ல என் வண்டியில்தான் போனோம். ஆறு மணி நேரம். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கோர்ட்டுல நின்னுக்கிட்டே பேசணுமா, உக்காந்தா?" எனக்கு எப்படித் தெரியும்? நான் போன ஒரே ஆபீஸ் மின்சார ஆபீஸ்தான்.

உட்காரத்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடி இல்லை. தலை நரைத்து, வாசிக்கிற சாதாரண மூக்குக்கண்ணாடி ஒன்று மாட்டிக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற ஆள் போல இருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவருடைய வக்கீல் பெரிய ஆள். குரலை உயர்த்தவே இல்லை.

"பசங்கன்னு யார் உங்களுக்குச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. டேப்புல தெரிஞ்சுது."

"சின்ன உடம்புள்ள பெரிய ஆள் கிடையாதா?"

"இருக்காங்க. வளர்ந்து முடிஞ்ச குட்டை ஆளுக்குக் கழுத்தும் தோளும் தடிச்சிருக்கும். பையனுக்கு அப்படி இருக்காதுங்க. கை கால் முந்திக்கிட்டு ஓடும், நெஞ்சு பின்னாடிதான் வரும். முப்பது வருஷமா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத் தைக்கறேன்."

"நல்லது. துணியை விட்டுத் தைக்கச் சொல்லி என் கட்சிக்காரர் உத்தரவு போட்டாரா?"

நான் பின் பெஞ்சில் இருந்தேன். வக்கீல் பெண் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. மாஸ்டர் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"இல்லைங்க. நானாத்தான் விட்டேன்."

"அதாவது அவர் சொல்லவில்லை."

"சொல்லல. ஏன் விட்டேன்னு கேட்டார். வளர்ற பசங்கன்னு நான் சொன்னேன். துணி மிச்சம்னார். அதுக்கப்புறம்தான் அவங்களைப் பாலத்துக்கு அனுப்பினது."

அந்த வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் அவருக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் தைத்தீர்கள்."

"ஆமாங்க."

"ஏன்?"

"பயம்." சற்று யோசித்தார். "பயம் முதல் செட்டுக்குத்தாங்க. ரெண்டாவது செட்டு தைக்கும்போது வேலை மட்டும்தான் மனசுல இருந்துது. தையல் நேரா வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு முதல்முறையாக மாஸ்டரைப் பார்த்தார்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் டீ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாஸ்டர் கடையைத் திறந்து, மேஜையைத் துடைத்து, உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தது. அம்மாக்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊரில் போய்த் தைத்துக்கொண்டார்கள். யாரும் வந்து கல்லெறியவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும். என் கிரைண்டர் சத்தத்துக்குச் சுவரைத் தட்டுவதையும் நிறுத்திவிட்டார். நான் வேண்டுமென்றே நீளமாக ஓட்டிப் பார்த்தேன். தட்டவில்லை.

தீர்ப்பு வந்தபோது வக்கீல் பெண் நேரில் வந்து சொன்னாள். கண்ணாடிக்காரருக்குப் பதினாறு வருஷம். பிள்ளைகளைச் சேர்த்தது, சண்டையில் இறக்கியது, இரண்டும் நிரூபணம். சுவரில் ஒட்டிய அந்தக் காகிதத்தையும் நீதிபதி படித்தாராம். வாக்குக் கொடுத்தவனுக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது என்றாராம். "உங்க சாட்சிதான் ஐயா. தனக்கே பாதகமா இருக்கறதையும் மறைக்காம சொன்ன சாட்சின்னு எழுதியிருக்காங்க."

"எனக்கு என்ன?" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க மேல வழக்கே கிடையாதே. நீங்க சாதாரண ஜனம், மிரட்டலுக்குப் பயந்து செஞ்சது."

"நான் எங்கம்மா போய்ச் சொல்றது அப்போ?"

"எதை?"

"என்னோடதை."

படித்த பெண், நல்ல பெண். தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். டீக்கடை மூடியிருந்தது, பின்னால்தான் அந்த அம்மாவின் வீடு. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கேட்கிற தூரம்தான். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, கோர்ட்டுல சொன்னதை உங்ககிட்டயும் சொல்லணும்."

"கேள்விப்பட்டேன்ணே."

"கேள்விப்பட்டது வேற. நான் சொல்லணும்."

சொன்னார். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல். முதுகில் தட்டியதையும் சொன்னார். அந்த அம்மா நிலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டு முடித்தார்.

"நாலு விரலா விட்டீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"வளர்வான்னு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார். பிறகு, "இனிமே இதைச் சொல்லிக்கிட்டு இங்க வராதீங்கண்ணே," என்று கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. மாஸ்டர் படியில் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு. தூரமாக இருந்தால் நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன், இறங்கமாட்டேன். ஒரு வீட்டில் அப்பன்காரன் சட்டையைப் பிடித்துவிட்டான். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் பேசி முடிக்கும்வரை டி.வி.யை அணைக்கவே இல்லை. இரண்டு குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோயிருந்தது. விசாரித்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எட்டு வீடு முடிந்தது.

ஒன்பதாவது பையன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பையன் இல்லை, எங்கிருந்தோ அழைத்து வந்திருக்கிறார்கள். கோர்ட்டுக் காகிதத்திலும் அவனுக்கு ஒரு எண்தான். மாஸ்டருக்குத் தெரிந்தது இவ்வளவு: மார்பு இருபத்தஞ்சரை, கை பதினெட்டு. அளவு எடுக்கும்போது அக்குளில் கூச்சம் தாங்காமல் நெளிந்துகொண்டே இருந்தான். பஸ் நிற்கிற இடத்தில், வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பக்கம் ஒரு பையன் காணாமல் போனானா, ரொம்பக் கூச்சக்காரப் பையன் என்று. பாதிப் பேர் பைத்தியம் என்று விலகிப் போகிறார்கள். அவர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறார்.